வைக்கோலைச் செரிக்கும் மாட்டுக்குச் சோறு ஏன் ஆகாது?

கல்யாணம் முடிந்த மறுநாள். பந்தியில் மீந்த சோறு இரண்டு அண்டா இருக்கிறது. கீழே கொட்ட யாருக்கும் மனம் வராது. "மாடாவது தின்னட்டும்" என்று தொட்டியில் போடுவோம். மாடும் தலையைத் தூக்காமல் தின்று தீர்க்கும். சாயங்காலம் பார்த்தால் அசை போடாமல் நிற்கும். ராத்திரி தண்ணீராகக் கழியும். விடியும்போது எழ முடியாமல் படுத்துக் கிடக்கும்.

கால்நடை மருத்துவர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "நேத்து என்னம்மா போட்டீங்க?" என்பதுதான். "எப்பவும் போடுற தீவனந்தாங்க டாக்டர்" என்று பதில் வரும். இரண்டாம் முறை அழுத்திக் கேட்ட பிறகுதான், "கொஞ்சம் சோறு மட்டும் போட்டோம்" என்பது வெளியே வரும். சோறு என்ன விஷமா என்று நினைத்துத்தான் முதலில் சொல்லாமல் விடுகிறோம்.

மாட்டுப் பொங்கலை ஒட்டிய நாட்களிலும், கோயில் திருவிழா, அன்னதானம் நடக்கும் ஊர்களிலும் இப்படி மாடுகள் விழுவது ஆண்டுதோறும் நடக்கிறது. அறுவடைக் களத்தில் கட்டவிழ்த்துக்கொண்ட ஆடு நெல் குவியலில் வாய் வைத்துச் செத்துப்போவதும் இதே நோய்தான். இதை அமில நோய் என்கிறார்கள். மனிதன் மூன்று வேளையும் சாப்பிடும் சோறு, கல் போன்ற வைக்கோலையே செரிக்கும் மாட்டை ஏன் சாய்க்கிறது? இது புரிந்துவிட்டால் தீவனம் வைக்கும் முறையில் பல விஷயங்கள் தானாகவே சரியாகும்.

நம் வாயில் நடப்பது

ஒரு கவளம் வெறும் சோற்றை விழுங்காமல் ஓரிரு நிமிடம் மென்று பாருங்கள். மெல்ல இனிப்பு தட்டும். சோற்றில் நாம் சர்க்கரை எதுவும் சேர்க்கவில்லை. அந்த இனிப்பு சோற்றுக்குள்ளேயே இருந்தது.

அரிசி, சோளம், கம்பு, மரவள்ளிக் கிழங்கு எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் என்ற சர்க்கரை மணிகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. மாலையாக இருக்கும்வரை அது இனிக்காது, ரத்தத்திலும் சேராது. மாலையை மணி மணியாக அறுத்தால்தான் உடம்புக்குப் பயன்படும். அறுக்கும் கத்தரிக்கோலுக்குத்தான் நொதி என்று பெயர். மருந்துக் கடையில் என்சைம் என்பார்கள்.

நம் எச்சிலில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மாவுச்சத்து மாலையைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. மிச்ச வேலையைக் கணையத்தில் சுரக்கும் அமைலேஸ் சிறுகுடலில் முடிக்கிறது. கடைசியாகச் சிறுகுடலின் சுவரில் உள்ள நொதிகள் தனித்தனி மணிகளாகப் பிரித்து ரத்தத்துக்கு அனுப்புகின்றன.

ஒவ்வொரு நொதிக்கும் ஒரு வேலைதான் தெரியும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பதுபோல. மொச்சை, கொண்டைக்கடலை சாப்பிட்டால் வாயு வருகிறதே, அதற்கும் இதுதான் காரணம். அவற்றில் உள்ள சில சர்க்கரைகளை வெட்டும் நொதி நம் குடலில் சுரப்பதில்லை. வெட்டப்படாமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் அவற்றை அங்குள்ள நுண்ணுயிரிகள் தின்று வாயுவை விடுகின்றன.

வைக்கோலும் சர்க்கரைதான்

பலருக்கு இது வியப்பாக இருக்கும். வைக்கோலின் உடம்பாக இருக்கும் செல்லுலோஸ் என்ற நாரும் அதே குளுக்கோஸ் மணிகளால் ஆனதுதான். மணி ஒன்றே, முடிச்சுதான் வேறு. மாவுச்சத்தில் மணிகள் சுலபமாக அவிழும் முடிச்சில் கோக்கப்பட்டிருக்கின்றன. செல்லுலோஸில் முடிச்சு திருகிப் போடப்பட்டிருக்கிறது. அதனால் மாலைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கயிறு திரித்ததுபோல் இறுகிவிடுகின்றன. இந்த முடிச்சை அவிழ்க்கும் நொதி மனிதனிடம் இல்லை. மாட்டின் உடம்பிலும் அது சுரப்பதில்லை.

அப்படியானால் மாடு எப்படி வைக்கோலைத் தின்று பால் கொடுக்கிறது? தன் வயிற்றுக்குள் வேலையாட்களை வைத்திருக்கிறது.

மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையான பெருவயிறு மட்டுமே வளர்ந்த கறவை மாட்டில் 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இடப்பக்க வயிற்றை நிரப்பிக்கொண்டிருப்பது இதுதான். ஏறக்குறைய 39 டிகிரி சூட்டில், காற்றில்லாமல், எப்போதும் புரண்டுகொண்டே இருக்கும் தொட்டி இது. இதில் பாக்டீரியா, ஒரு செல் உயிரிகள், பூஞ்சைகள் எனப் பலவகை நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. ஒரு மில்லி பெருவயிற்றுச் சாற்றில் பாக்டீரியா மட்டும் ஆயிரம் கோடி வரை இருக்கும். திருகு முடிச்சை அவிழ்க்கும் செல்லுலேஸ் நொதியைச் சுரப்பவை இவைதான்.

வேலை மெதுவாகத்தான் நடக்கும். காலையில் தின்ற வைக்கோல் இரண்டு மூன்று நாள்கூடப் பெருவயிற்றில் கிடக்கும். நுண்ணுயிரிகள் நாரைச் சர்க்கரையாக வெட்டி, அந்தச் சர்க்கரையைத் தாங்களே தின்றுவிடுகின்றன. மாட்டுக்குக் கிடைப்பது அவை வெளியேற்றும் மிச்சம்: அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் என்ற லேசான அமிலங்கள். பெருவயிற்றின் சுவர் அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது. மாட்டுக்குத் தேவையான சக்தியில் சுமார் 70 சதவீதம் இந்த அமிலங்களில் இருந்தே வருகிறது. இவற்றில் அசிட்டிக் அமிலம்தான் பாலில் கொழுப்பு சேர முக்கிய மூலப்பொருள். நார் கிடைக்காத மாட்டின் பாலில் கொழுப்பு இறங்குவது இதனால்தான்.

ஆக, நாம் தொட்டியில் போடும் தீவனம் முதலில் மாட்டுக்குப் போவதில்லை. மாட்டின் வயிற்றில் இருக்கும் வேலையாட்களுக்குப் போகிறது. அவர்கள் நலமாக இருந்தால்தான் மாடு நலமாக இருக்கும்.

அசை போடுவதன் ரகசியம்

மாட்டின் உமிழ்நீரில் மாவுச்சத்தை வெட்டும் அமைலேஸ் கிட்டத்தட்டக் கிடையாது. ஆனால் அதில் வேறொன்று ஏராளமாக இருக்கிறது. சமையல் சோடா. ஆமாம், ஆப்ப மாவில் போடும் அதே சோடியம் பைகார்பனேட்.

நல்ல கறவை மாடு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் கரைந்து பெருவயிற்றுக்குள் இறங்கும் சோடா சுமார் ஒரு கிலோ. நுண்ணுயிரிகள் விடும் அமிலம் அளவுக்கு மீறாமல் தணிப்பது இதன் வேலை. மண் பரிசோதனை அட்டையில் பி.எச். பார்க்கிறோம் அல்லவா, அதே அளவுகோலில் பெருவயிறு 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டும். 6-க்குக் கீழே இறங்கினாலே நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் சோர்ந்துவிடும்.

இந்த உமிழ்நீர் சும்மா சுரக்காது, மென்றால்தான் சுரக்கும். நீளமான நார் உள்ள தீவனம் பெருவயிற்றுச் சுவரைக் குத்தி உறுத்தும்போதுதான் மாடு அதை வாய்க்குக் கொண்டுவந்து அசை போடும். நல்ல தீவனத்தில் இருக்கும் மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். ஒரு கவளத்துக்கு 50 முதல் 60 முறை மெல்லும். ஒருநாள் மத்தியானம் மாடுகள் படுத்திருக்கும்போது உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். படுத்திருக்கும் மாடுகளில் பாதிக்கு மேல் வாய் அசைய வேண்டும். ஒரு கவளத்தை 40 முறைக்கும் குறைவாக மென்று விழுங்கிவிடுகிறது என்றால் அதன் தீவனத்தில் நார் போதவில்லை. செலவில்லாத பரிசோதனை இது.

சோறு உள்ளே போனால்

சோற்றுக்கு மெல்லும் வேலையே இல்லை. வழவழவென்று இறங்கிவிடும். அசை வராது, அதனால் சோடாவும் வராது. அது மட்டுமில்லை, பச்சை நெல்லில் மாவுச்சத்து உமிக்குள்ளும் இறுகிய மணிக்குள்ளும் அடைபட்டிருக்கிறது. அரிசியாக்கி வேகவைத்தபோது அந்த மாவுச்சத்து ஊதி, மலர்ந்து, நொதிகள் பாய்வதற்குத் திறந்த வீடாகிவிடுகிறது.

பெருவயிற்றில் மாவுச்சத்தை விரும்பித் தின்னும் நுண்ணுயிரிகளும் உண்டு. சாதாரணமாக அவை அளவோடுதான் இருக்கும். பத்துக் கிலோ சோறு ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் மணிக்கு மணி பல மடங்காகப் பெருகும். அவை விடுவது லாக்டிக் அமிலம். தயிரைப் புளிக்க வைக்கும் அமிலம் இதுதான்.

சித்திரை வெயிலில் இட்லி மாவைக் கரைத்து வெளியே வைத்துவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும்? நுரைத்து, புளித்து, பாத்திரத்தை விட்டு வழியும். 39 டிகிரி சூட்டில் நூறு லிட்டர் பாத்திரத்தில் அதே புளிப்பு ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் மாட்டின் வயிற்றில் நடக்கிறது.

பி.எச். 5-க்குக் கீழே போனதும் நார் செரிக்கும் நுண்ணுயிரிகள் கூட்டமாகச் சாகின்றன. ஒரு செல் உயிரிகளும் அழிகின்றன. பெருவயிற்றின் அசைவு நின்றுவிடுகிறது. அடர்த்தியான அமிலம் ரத்தத்தில் உள்ள நீரைப் பெருவயிற்றுக்குள் இழுக்கிறது. அதனால் வயிறு முழுக்கத் தண்ணீர் தளும்பும், உடம்போ வறண்டுபோகும். கண் உள்ளே போவதும், மூக்கு காய்வதும் இதனால்தான். அமிலம் ரத்தத்திலும் ஏறினால் மாடு கள் குடித்ததுபோல் தள்ளாடும், பிறகு விழும். கடுமையாகத் தாக்கினால் ஒன்றிரண்டு நாளுக்குள் உயிர் போய்விடும்.

எவ்வளவு சோறு ஆபத்து என்று கேட்டால், எல்லா மாட்டுக்கும் பொருந்தும் ஒரே அளவு சொல்ல முடியாது. தினமும் அடர்தீவனம் தின்று பழகிய மாடு ஓரளவு தாங்கும். மேய்ச்சலிலும் வைக்கோலிலும் மட்டுமே இருந்த மாடு அதில் பாதிக்கே விழுந்துவிடும். மாட்டுப் பொங்கலன்று படையலில் இருந்து ஒரு கைப்பிடி பொங்கலும் ஒரு வாழைப்பழமும் ஊட்டுவதால் எந்த மாட்டுக்கும் ஒன்றும் ஆகாது. வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஊட்டி, தெருவில் வருகிறவர்களும் ஊட்டி, ராத்திரி மிச்சப் பானையையும் தொட்டியில் கவிழ்ப்பதுதான் வினை.

சோறு மட்டுமல்ல. அரிசி மாவு, கோதுமை மாவு, மக்காச்சோள மாவு, பேக்கரியில் மீந்த ரொட்டி, வெல்லப் பாகு எல்லாம் இதே வேலையைச் செய்யும். எவ்வளவு நைசாக அரைத்திருக்கிறதோ அவ்வளவு வேகமாகப் புளிக்கும். மாட்டுக்கு மக்காச்சோளத்தை மாவாக அரைக்காமல் ரவை போல உடைத்துக் கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

அடையாளங்களும் முதல் வேலையும்

தின்ற சில மணி நேரத்தில் இருந்து ஒரு நாளுக்குள் அடையாளங்கள் தெரியும். முதலில் தீவனத்தைத் தொடாது, அசை நிற்கும். பல்லைக் கடிக்கும், வயிற்றைக் காலால் உதைத்துக்கொள்ளும். இடப்பக்க வயிறு பெருத்திருக்கும். கையை மடக்கி அழுத்தி ஆட்டினால் குடத்துத் தண்ணீர் போலத் தளும்பும் சத்தம் கேட்கும். சாணம் முதலில் இளகி, பிறகு புளித்த நாற்றத்துடன் நுரையாகக் கழியும். சில நேரம் அதில் தானியம் முழுசாக இருக்கும்.

முற்றிய நிலையில் தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துப் படுத்துவிடும். கன்று ஈன்ற மாட்டுக்கு வரும் பால் காய்ச்சலிலும் இப்படித்தான் படுக்கும். ஆகவே நீங்களே முடிவு செய்துகொண்டு கால்சியம் வாங்கி ஊற்றாதீர்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமே "நேத்து இத்தனை மணிக்கு இவ்வளவு சோறு தின்னுச்சு" என்பதாக இருக்கட்டும். அந்த ஒரு தகவல் பாதி சிகிச்சை. தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் சேவையைக் கேட்கலாம்.

மருத்துவர் வரும்வரை தொட்டியில் மீதி இருக்கும் சோற்றையும் தீவனத்தையும் அப்புறப்படுத்துங்கள். நல்ல காய்ந்த வைக்கோல் மட்டும் முன்னால் வையுங்கள். மாடு நின்றுகொண்டிருந்தால் மணிக்கொரு முறை மெதுவாக நடத்துங்கள். வளர்ந்த மாட்டுக்குச் சமையல் சோடா 100 கிராம் அளவில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது வழக்கம். ஆனால் அது நிற்கிற, தானாக விழுங்குகிற மாட்டுக்கு மட்டும்தான். அதையும் மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொண்டு கொடுப்பது நல்லது. தண்ணீர் எவ்வளவு காட்டலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் மூங்கில் குழாயாலோ பாட்டிலாலோ எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விட்டால் ஒரு நோய் இரண்டு நோயாகிவிடும்.

உப்பிய வயிற்றைப் பார்த்ததும் எண்ணெய் ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. இளம் பயறுவகைத் தீவனத்தைத் தின்று வரும் நுரை உப்புசத்துக்கு எண்ணெய் உதவும். அமிலத்தை எண்ணெய் முறிக்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பொன்னான நேரத்தைக் கழிப்பவர்கள் நிறைய.

மருத்துவர் ரத்தக் குழாய் வழியாக நீரும் சோடாவும் ஏற்றுவார். பி1 வைட்டமின் ஊசி போடலாம். கடுமையான நிலையில் குழாய் விட்டுப் பெருவயிற்றைக் கழுவுவார், அல்லது அறுவை செய்து உள்ளே இருப்பதை வெளியே எடுப்பார். பிழைத்த மாட்டுக்கு ஆரோக்கியமான இன்னொரு மாட்டின் பெருவயிற்றுச் சாற்றை எடுத்துக் கொடுப்பதும் உண்டு. செத்துப்போன வேலையாட்களுக்குப் பதில் புதியவர்களை இறக்கும் வேலை அது. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைத்துவிட்டது என்று உடனே நிம்மதி அடைய முடியாது. சில வாரம் கழித்துக் குளம்பில் வீக்கம் வந்து நொண்டலாம். சினை மாடு கன்று வீசலாம்.

கண்ணுக்குத் தெரியாத அமில நோய்

மாடு விழுந்தால் ஊரே பார்க்கும். விழாமலேயே தினம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும் அமில நோயை யாரும் பார்ப்பதில்லை. நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான்.

கலப்பின மாடு வாங்குகிறோம். பால் ஏற வேண்டும் என்று அடர்தீவனத்தைக் கூட்டுகிறோம். வைக்கோல் விலை ஏறியதும் அதைக் குறைக்கிறோம். மாட்டின் பி.எச். ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் இறங்கி ஏறுகிறது. மாடு ஒருநாள் நன்றாகத் தின்னும், மறுநாள் ஒதுக்கும். சாணம் ஒருநாள் கெட்டியாகவும் மறுநாள் கூழாகவும் இருக்கும். பால் அளவு இருக்கும், கொழுப்பு மட்டும் இறங்கும். சொசைட்டியில் விலை குறைத்துவிட்டார்கள் என்று சண்டை போட்டுவிட்டு வருவோம். கருவி சரியாகக்கூட இருக்கலாம். தொட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு இது. உடம்பைப் பராமரிக்க ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம். பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஐந்தரைக் கிலோ வருகிறது. இதை இரண்டு வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்தால் பெருவயிறு ஒரே நேரத்தில் புளிக்காது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் அடர்தீவனம் வைக்காமல் முதலில் இரண்டு பிடி வைக்கோலோ சோளத்தட்டையோ தின்ன விட்டுப் பிறகு வைத்தால், உமிழ்நீர் முன்னால் போய்க் காத்திருக்கும். தட்டையை எந்திரத்தில் நறுக்கும்போது ஒன்று முதல் ஒன்றரை அங்குல நீளம் இருக்கட்டும். தூளாக்கினால் தொட்டியில் மிச்சம் விழாது என்பது சரிதான். அசையும் வராது.

எந்தத் தீவனத்தை மாற்றினாலும் இரண்டு வாரமாவது எடுத்துக்கொள்ளுங்கள். புதிய தீவனத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் பெருகி நிலைக்க அவ்வளவு நாள் பிடிக்கும். முதல் மூன்று நாள் கால் பங்கு, அடுத்து அரைப் பங்கு என ஏற்றிக்கொண்டே போகலாம். சந்தையில் மாடு வாங்கி வரும்போது, "இதுவரை என்ன தீவனம் போட்டீங்க?" என்று விற்பவரிடம் கேட்டு, முதல் வாரம் அதையே போடுவது புத்திசாலித்தனம். விலை பேசும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், இதைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

செம்மறி ஆட்டில் திடீரென்று தானியம் கூடும்போது துள்ளுமாரி என்ற இன்னொரு நோயும் சேர்ந்துவரும். செரிக்காமல் குடலுக்குள் வழியும் மாவுச்சத்தில் ஒருவகைக் கிருமி பெருகி விஷத்தைக் கக்குகிறது. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்.

கன்றுக்குட்டியின் கணக்கு வேறு

பிறந்த கன்றுக்குப் பெருவயிறு சின்னப் பை மட்டுமே. அதில் வேலையாட்கள் இன்னும் குடியேறவில்லை. அது பாலை உறிஞ்சும்போது வயிற்றில் ஒரு வாய்க்கால் மூடிக்கொண்டு, பாலை நேராக நான்காம் வயிற்றுக்குக் கொண்டுபோகிறது. அங்கே ஒரு நொதி பாலைத் திரிய வைக்கிறது. குடலில் பால் சர்க்கரையை வெட்டும் லாக்டேஸ் நொதி தாராளமாக இருக்கிறது. மாவுச்சத்தை வெட்டும் நொதிதான் முதல் சில வாரங்களில் மிகக் குறைவு.

பாலை விற்றுவிட்டுக் கன்றுக்கு அரிசிக் கஞ்சி ஊற்றினால் கழிச்சல் வருவது இதனால்தான். கழிச்சலில் கன்று போனால் மிச்சம் பிடித்த பாலின் காசு அதற்கு ஈடாகாது. இரண்டாவது வாரத்தில் இருந்து கொஞ்சம் கன்றுத் தீவனமும் இளம் புல்லும் முன்னால் வைத்தால், நக்கி நக்கிப் பழகும். தாயின் வாயும் தொழுவமும் கொடுக்கும் நுண்ணுயிரிகள் அதன் வயிற்றில் குடியேறும்.

வைக்கோலை இன்னும் கொஞ்சம் அவிழ்க்க

நெல் வைக்கோலில் ஒரு குறை. அதன் செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் என்ற மரப்பொருளும், மணல் போன்ற சிலிக்காவும் காவல் நிற்கின்றன. நுண்ணுயிரிகளின் நொதிகள் உள்ளே நுழைய முடிவதில்லை. புரதமும் மூன்று நான்கு சதவீதம்தான். கத்தரிக்கோல் செய்யவே நுண்ணுயிரிகளுக்குத் தழைச்சத்து வேண்டும், அதுவும் அதில் இல்லை.

யூரியா ஊட்டிய வைக்கோல் இந்த இரண்டு குறைக்கும் மருந்து. 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விட வேண்டும். உள்ளே உண்டாகும் அம்மோனியா லிக்னினின் பிடியைத் தளர்த்துகிறது. தழைச்சத்தும் சேர்கிறது. தேவையான அளவை மட்டும் வெளியே எடுத்துப் பரப்பி, நெடி போன பிறகு, பழைய வைக்கோலுடன் கலந்து சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். யூரியாவைக் கண்ணளவில் போடாதீர்கள், நிறுத்துப் போடுங்கள். கரைசல் வாளியை மாடு எட்டாத இடத்தில் வையுங்கள், அதைக் குடித்தால் உயிர் போகும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இந்த வைக்கோல் கூடாது.

பாக்கெட்டில் வரும் நொதி வாங்கலாமா?

பலர் கேட்கும் கேள்வி. கோழிக்கு என்றால் பலன் தெளிவாக இருக்கிறது. கோழிக்குப் பெருவயிறு இல்லை. தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை ஃபைட்டேஸ் நொதி விடுவிக்கிறது. அதனால் கோழித் தீவன ஆலைகள் அதை வழக்கமாகவே சேர்க்கின்றன. வளர்ந்த மாட்டுக்கு நார் செரிக்கும் நொதித் தூள் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. அதன் வயிற்றிலேயே நாள் முழுக்க நொதித் தொழிற்சாலை ஓடுகிறதே.

அப்படியும் வாங்கினால், கொதிக்கும் கஞ்சியிலோ சுடுதண்ணீரிலோ கலக்காதீர்கள். நொதி என்பது புரதம். சூட்டில் முட்டை வெந்துபோவதுபோல அதுவும் கெட்டுப்போகும். என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்கு முதலில் தாது உப்புக் கலவை வாங்குங்கள். மீதி இருந்தால் ஒரு கட்டு வைக்கோல் கூடுதலாக வாங்கிப் போடுங்கள்.

கல்யாண வீட்டுச் சோறு மீந்தால் என்ன செய்வது? ஈரமாகவே குப்பைக் குழியில் சாணத்தோடும் இலைதழையோடும் சேர்த்து மூடினால் எருவாகிவிடும். மாட்டுக்குத்தான் போட வேண்டும் என்றால், நல்ல வெயிலில் பரப்பிச் சருகாகக் காயவைத்து மூட்டை கட்டி வைத்து, தினமும் ஒரு கைப்பிடி தவிட்டோடு கலந்து தீர்க்கலாம். பூசணம் பிடித்திருந்தால் அதையும் குழியில் போட்டுவிடுங்கள்.